அனெல்கா: வீணடித்த திறமையா, விலை பேசப்பட்ட சரக்கா?

ஒன்பதாம் எண்:

பிரெஞ்சு உதைபந்தாட்டக்காரர் நிகோலா அனெல்காவைப் பெரிய முன்கள வீரர் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவரால் எவ்வளவு முடியும் என்று பார்த்தவன் நான், அதனால்தான். 1998இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்காக நியூகாசிலுக்கு எதிராக அவர் அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். ரே பார்லர் முன்னே அனுப்பிய பந்தைத் துரத்தி, தடுப்பாட்டக்காரரைப் பின்னால் விட்டு, கோல்கீப்பருக்கு எட்டாமல் தூரத்து மூலைக்குத் தாழ்வாகத் தள்ளினார். வயது 19. அந்த ஆண்டு ஆர்சனல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. அடுத்த பருவத்தில் லீக்கில் மட்டும் 17 கோல், ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருது.

அதற்குப் பிறகு ஒரே மூச்சில் சொல்கிறேன்: ரியல் மாட்ரிட், மறுபடி பாரிஸ் சாங் ஜெர்மன், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, ஃபெனர்பாசே, போல்டன், செல்சி, ஷாங்காய் ஷென்ஹுவா, யுவென்டஸ், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், மும்பை சிட்டி. தொடங்கிய பாரிஸையும் ஆர்சனலையும் சேர்த்தால் 7 நாடுகளில் 12 கிளப்புகள். செல்சியைத் தவிர எங்கும் மூன்று முழுப் பருவங்கள் தங்கவில்லை. 1999 ஆகஸ்டில் அவர் காலி செய்த இடத்துக்கு வந்தவர் தியரி ஹென்றி. அந்த இடத்தில் உட்கார்ந்து ஆர்சனலுக்காக 228 கோல் அடித்தார். அனெல்கா ஆர்சனலுக்காக லீக்கில் அடித்தவை 23. இதற்குமேல் என்ன பேச வேண்டும்?

நடுக்கோடு:

பேச வேண்டியது நிறைய இருக்கிறது நண்பரே. இடத்தைக் காலி செய்தார் என்கிறீர்கள். அதில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

1997 பிப்ரவரியில் ஆர்சனல் மேலாளர் ஆர்சென் வெங்கர் அந்தப் பையனைச் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு அழைத்து வந்தார். இரண்டரை ஆண்டு கழித்து ரியல் மாட்ரிட் கொடுத்தது 2.2 கோடி பவுண்டுக்கு மேல். அந்தப் பணத்தில் பாதியில் ஹென்றி வந்துவிட்டார். மீதி லண்டன் கோல்னியில் எழுந்த புதிய பயிற்சி மையத்துக்கு உதவியது. ஒரு கிளப்பின் வரலாற்றில் இப்படி ஒரு விற்பனை எத்தனை முறை நடக்கும்? ஆர்சனல் ரசிகர்கள் அவரைத் துரோகி என்று திட்டினார்கள். நியாயமாக ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

அண்ணன்கள் கிளோடும் டிடியேவும்தான் பேரம் நடத்தினார்கள், அவர்கள் அவசரப்பட்டார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் 20 வயதில் உங்கள் தலையில் 2.2 கோடி என்று ஒட்டிவிட்டால், அதன்பின் நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சீட்டுதான் முதலில் கண்ணில் படும்.

கணக்குப்பிள்ளை:

சண்டைக்கு நடுவே கொஞ்சம் எண்கள்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அவர் ஆடியவை 364 ஆட்டங்கள், அடித்தவை 125 கோல்கள். ஆர்சனலில் 23, லிவர்பூலில் 4, சிட்டியில் 37, போல்டனில் 21, செல்சியில் 38, வெஸ்ட் பிராமில் 2. ஆறு கிளப்புகளுக்கும் கோல் அடித்திருக்கிறார். 1998-99இல் அதிகக் கோல் அடித்த மூவர், மைக்கேல் ஓவன், டுவைட் யார்க், ஹாசல்பைங்க், ஆளுக்கு 18. அனெல்கா 17இல் நின்றார். பத்தாண்டு கழித்து 2008-09இல் 19 கோலுடன், லீக்கில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். இந்த இரண்டுக்கும் நடுவே ஆறு கிளப் மாறியிருக்கிறார்.

கிளப்புகள் இவருக்காக ஒன்றுக்கொன்று கொடுத்த தொகையைக் கூட்டினால் 8.5 கோடி பவுண்டைத் தாண்டுகிறது. ஒரு காலத்தில் உலகிலேயே இடமாற்றத் தொகைகளின் மொத்தம் இவருக்குத்தான் அதிகம்.

ஒன்பதாம் எண்:

கணக்குப்பிள்ளை ஐயா, மாட்ரிட் கணக்கை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? ஸ்பெயின் லீக்கில் 19 ஆட்டம், 2 கோல். பயிற்சிக்கு வர மறுத்ததற்காக 2000 மார்ச்சில் கிளப் அவரை 45 நாள் இடைநீக்கம் செய்தது, சம்பளம் இல்லாமல். உலகத்தின் மிகப் பெரிய கிளப்பில் ஆடும் வாய்ப்பு கிடைத்தவர், வீட்டில் உட்கார்ந்து கோபித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்தது சும்மாவா?

அவர் தலையில் ஒட்டிய விலைச்சீட்டு என்கிறார் நடுக்கோடு. ஹென்றிக்கும் ஒரு விலை இருந்தது. யுவென்டஸில் அரைப் பருவம் பக்கவாட்டில் ஓடவிட்டு அவரை வீணடித்தார்கள். லண்டனுக்கு வந்தவர் புலம்பவில்லை. முதல் சில வாரங்கள் கோலே வராமல் தவித்தும் வாயை மூடிக்கொண்டு உழைத்தார். இருவரும் கிளேர்ஃபோன்டெய்ன் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளி, ஒரே பாடம். வேறுபாடு மனத்தில்.

பரிஸ் வடக்கு:

நான் இங்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. உதைபந்தாட்டம் பார்க்கத் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் மாட்ரிட் கதையை அரைகுறையாகச் சொன்னால் பொறுக்க முடியவில்லை, தம்பி ஒன்பதாம் எண்.

அவர் வளர்ந்தது பரிஸுக்கு மேற்கே இருக்கும் ட்ராப் என்ற புறநகர். பெற்றோர் மார்தினிக் தீவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பொடியன்கள் அந்நியர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். கேட்டதற்கு ஒரு சொல், அதுவும் நிலத்தைப் பார்த்தபடி. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் திமிர்தான். இப்போது அவனை 20 வயதில், மொழி தெரியாத ஒரு நகரத்தில், ரவுலும் மொரியன்டஸும் ஏற்கெனவே ஜோடியாகக் கலக்கிக்கொண்டிருந்த அணியில் கொண்டுபோய் விடுங்கள். அழைத்த பயிற்றுநர் ஜான் டோஷாக் நவம்பரிலேயே பதவி இழந்தார். பிறகு வந்த டெல் போஸ்கேவுக்கு இவரைத் தேர்ந்தெடுத்ததில் பங்கில்லை. முன்கள வீரர் ஒருவர் புதிய கழகத்தில் கால் பதிக்க இதைவிட மோசமான சூழ்நிலை வேண்டுமா?

சரி, இடைநீக்கம் முடிந்து திரும்பியதும் என்ன செய்தார்? மே மாதம் 3ஆம் தேதி, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், பெர்னபியூ அரங்கு. எதிரணி பயர்ன் மியூனிக். அந்த ஆண்டு குழுச் சுற்றில் இதே பயர்ன் மாட்ரிட்டை இரண்டு முறையும் நான்கு கோல் போட்டு நொறுக்கியிருந்தது. அரங்கு முழுவதும் பயம். நான்காவது நிமிடத்தில் அனெல்கா கோல். ஆட்டம் 2-0. ஆறு நாள் கழித்து மியூனிக்கில் ஜான்கர் ஒரு கோல் போட்டு பயர்ன் மேலேறத் தொடங்கிய நேரம், அனெல்கா தலையால் ஒன்று. மாட்ரிட் அன்று 2-1 என்று தோற்றும் இறுதிக்குப் போனது. இரண்டு ஆட்டங்களிலும் மாட்ரிட் வீரர் அடித்த கோல் அனெல்காவுடையது மட்டும்தான். 2-0இல் இரண்டாவது, பயர்ன் வீரரே தன் வலைக்குள் போட்டது.

இறுதியாட்டம் இங்கே, சாந்தெனியில். தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில். தொடக்க அணியில் இருந்தார், வலென்சியாவை 3-0 என்று வென்றார்கள். அந்தக் கோப்பை அவர் இல்லாமல் வந்திருக்குமா என்று மாட்ரிட் ரசிகரிடம் கேளுங்கள். லீக்கில் இரண்டு கோல் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த இரண்டில் ஒன்று பார்சிலோனாவுக்கு எதிராக, 3-0 வெற்றியில்.

ஒன்பதாம் எண்:

அண்ணே, நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. இரண்டு வாரத்தில் இவ்வளவு செய்ய முடிந்தவர் மற்ற ஒன்பது மாதம் எங்கே போயிருந்தார்? வென்ற சூட்டோடு அங்கேயே இருந்திருந்தால், அடுத்த ஆண்டு லூயிஸ் ஃபிகோவோடு ஆடியிருப்பார். 2001இல் ஜிதான். அவர் பாரிஸுக்குத் திரும்பினார். அங்கே பயிற்சியாளர் லூயிஸ் ஃபெர்னான்டஸோடு சண்டை. சண்டை முடிந்ததும் லிவர்பூல். போகும் இடமெல்லாம் பயிற்சியாளர்தான் தவறு என்றால், எல்லாப் பயிற்சியாளருமா தவறு?

நடுக்கோடு:

எல்லோரும் இல்லை. லிவர்பூலில் யாரோடும் சண்டையில்லை என்பதை வசதியாக மறக்கிறீர்கள்.

2001 டிசம்பரில் கடன் ஒப்பந்தத்தில், அதாவது தற்காலிகமாக, அங்கே போனார். அந்தப் பருவத்தில் லிவர்பூல் லீக்கில் இரண்டாம் இடம். ஓவனுக்குப் பக்கத்தில் வேகமான இன்னொருவர் கிடைத்தார் என்று அரங்கமே மகிழ்ந்தது. அனெல்காவும் அங்கே தொடரத்தான் விரும்பினார். கோடை வந்தது. லிவர்பூல் மேலாளர் ஜெரார் ஹூலியே ஒப்பந்தத்தை நிரந்தரமாக்காமல் செனகல் வீரர் எல் ஹாஜி டியூஃபை வாங்கினார். டியூஃப் லிவர்பூலுக்காக லீக்கில் அடித்தவை மொத்தம் மூன்று கோல்.

இந்த ஒரு இடமாற்றத்தில் அனெல்காவின் தவறு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் தங்க நினைத்த ஊரில் அவரைத் தங்கவிடவில்லை. "ஓடுகாலி" என்ற பெயர் மட்டும் அவருக்கு. பிறகு போல்டனில் அதே டியூஃபும் இவரும் ஒரே அணியில் ஆடினார்கள், விதி இப்படியும் விளையாடும்.

வலைக்காவலன்:

நான் வியாசர்பாடிப் பக்கத்து ஆள். எங்கள் தெருவில் எல்லோரும் முன்களத்தில்தான் ஆடுவோம் என்று அடம்பிடிப்பார்கள், அதனால் சின்ன வயதிலேயே என்னைக் கோல்கம்பத்துக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

2008 மே 21, மாஸ்கோ. செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதி, பெனால்ட்டிக்குப் போயிற்று. செல்சியின் ஜான் டெர்ரி வழுக்கி விழுந்து கம்பத்தில் அடித்ததைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் முடிந்தது ஏழாவது சுற்றில். யுனைடெட்டின் கிக்ஸ் அடித்துவிட்டார். அனெல்கா அடித்தாக வேண்டும்.

யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சாரின் கையைப் பாருங்கள். அனெல்கா ஓடிவரும் முன் தன் இடது பக்க மூலையைக் காட்டுகிறார். அதுவரை செல்சிக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமேதான் அடித்திருந்தார்கள். "எனக்குத் தெரியும், அங்கேதானே வரப்போகிறது?" என்று கேட்பதுபோல். அந்த ஒரு விநாடியில் அனெல்காவின் கணக்கு குழம்பியிருக்க வேண்டும். மறுபக்கம் அடித்தார். அதுவாவது தரையோடு போயிருந்தால், அல்லது கம்பத்தின் உச்சிக்குப் போயிருந்தால் உள்ளே போயிருக்கும். வந்ததோ இடுப்புக்குச் சற்று மேலே. அந்த உயரம் கோல்கீப்பருக்குக் கேட்காமல் கிடைத்த வரம். இரண்டு கையும் நீட்டினால் பந்து தானாக வந்து மோதும்.

திறமை குறைந்ததால் விட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நிற்க அவருக்கு விருப்பமே இல்லை என்பது உடம்பிலேயே தெரிந்தது.

ஒன்பதாம் எண்:

விருப்பமில்லை என்பதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். முதல் ஐந்து பேரில் ஒருவராக அடிக்கும்படி கேட்டபோது மறுத்துவிட்டாராம். கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்தேன், உடம்பு சூடாகவில்லை, பழக்கமில்லாத இடத்தில் ஆடவிட்டார்கள் என்று காரணம். செல்சியின் இன்னொரு முன்கள வீரர் ட்ரோக்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார். ஐந்தாவதாக அடிக்கத் தடுப்பாட்டக்காரர் டெர்ரி வர வேண்டியிருந்தது. 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கிய முன்கள வீரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இதற்குமேல் ஒருவரின் குணத்தை எப்படிக் காட்ட முடியும்?

பரிஸ் வடக்கு:

தம்பி, அதே மனிதன் 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த உலகக் கழகப் போட்டியில் கொரிந்தியன்ஸுக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டு, தண்டனை உதையையும் தானே எடுத்தார். கோல்கீப்பர் டிடா தடுத்துவிட்டார். பொறுப்பைக் கண்டு எப்போதும் ஓடுகிற ஆள் என்று முடிவுகட்ட இந்த ஒரு இரவு போதாது.

கணக்குப்பிள்ளை:

2004 அக்டோபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொரின்யோவின் செல்சி அந்தப் பருவத்தில் லீக்கில் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், மான்செஸ்டர் சிட்டியிடம், 1-0. கோல் அனெல்கா, பெனால்ட்டியில்.

நடுக்கோடு:

சிட்டி என்றதும் நினைவு வருகிறது. இன்றைய பணக்கார சிட்டியை நினைக்காதீர்கள். 2002இல் இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த கிளப் அது. மேலாளர் கெவின் கீகன் 1.3 கோடி பவுண்டு கொடுத்தார், கிளப்பின் சாதனைத் தொகை. சிட்டியின் பழைய மெய்ன் ரோடு அரங்கில் யுனைடெட்டோடு நடந்த கடைசி மான்செஸ்டர் டெர்பியில் 3-1 வெற்றி, முதல் கோல் இவர். புதிய அரங்குக்கு மாறியபோது பார்சிலோனாவோடு நடந்த நட்பு ஆட்டத்தில் அங்கே விழுந்த முதல் கோலும் இவர். 2003-04இல் அணி தள்ளாடிய ஆண்டில் லீக்கில் 16. இதையும் வீணடித்த ஆண்டுகள் என்றா எழுதுவீர்கள்?

அடுத்து போல்டன். மேலாளர் சாம் அல்லர்டைஸ் 80 லட்சம் பவுண்டு கொடுத்ததும் இங்கேயும் அது கிளப் சாதனை. அந்தப் பருவத்தில் போல்டன் ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. அடுத்த பருவத்தின் பாதியில் 10 லீக் கோல் அடித்திருந்தவரை விற்றுவிட்டு, போல்டன் தலைதப்பியது பெரும்பாடு. இவர் வந்தால் கிளப் உயரும், விற்றால் கிளப்புக்குப் பணம். இவருக்குக் கெட்ட பெயர்.

என் வாதம் இதுதான். அனெல்கா தன்னை ஒன்பதாம் எண் ஆட்டக்காரராக என்றுமே நினைக்கவில்லை. கோல்பகுதியில் நின்று பந்துக்காகக் காத்திருப்பது அவருக்கு அலுப்பு. பத்து அடி பின்னால் வந்து, பந்தை வாங்கி, திரும்பி, இன்னொருவரை ஓடவிட வேண்டும். அந்தச் சுதந்திரம் கொடுத்த இடங்களில் நன்றாக இருந்தார். "உன்னை இவ்வளவு விலைக்கு வாங்கினோம், கோலைக் காட்டு" என்று கணக்குக் கேட்ட இடங்களில் சுருங்கிப்போனார்.

ஒன்பதாம் எண்:

நல்ல கற்பனை. ஆனால் தங்கக் காலணி வாங்கிய 2008-09இல் அவர் ஆடியது எங்கே? ட்ரோக்பா காயத்தால் பெரும்பகுதி இல்லாதபோது தனி ஒன்பதாம் எண்ணாக. கடைசி நாள் சண்டர்லாந்தில் ஒன்று அடித்து ரொனால்டோவை ஒரே கோலில் முந்தினார். ரொனால்டோ 18, இவர் 19. அந்த இடத்தில் நின்றால் அடிக்க முடியும் என்று காட்டிவிட்டு, நிற்கப் பிடிக்கவில்லை என்று விலகினால் அதற்குப் பெயர் என்ன?

நடுக்கோடு:

அதற்குப் பெயர் அடுத்தவருக்கு வழிவிடுவது. ட்ரோக்பா திரும்பி வந்ததும், 2009-10இல் மேலாளர் அன்சலோட்டியின் கீழ் பக்கவாட்டுக்கும் நடுகளத்துக்கும் நகர்ந்து ஆடினார். ட்ரோக்பா 29 கோல், அனெல்கா 11. செல்சி லீக்கில் மொத்தம் 103. லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து கிடைத்தன. ஆர்சனலோடு ஒரு முறை, செல்சியோடு ஒரு முறை என்று இரட்டை வெற்றி பெற்றவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தையும் பாருங்கள். வீகனை வென்றால் பட்டம். பதற்றமான அந்த ஆட்டத்தில் ஆறாவது நிமிடத்தில் முதல் கோல் போட்டவர் அனெல்கா. பிறகு செல்சிக்கு ஒரு பெனால்ட்டி. அதிகக் கோல் அடித்தவர் பட்டியலில் ரூனியோடு போட்டியில் இருந்த ட்ரோக்பா தனக்குத் தரும்படி கேட்டார், லாம்பார்ட் கொடுக்காமல் தானே அடித்தார். அரைநேரம் வரை ட்ரோக்பா முகம் வாடிக் கிடந்தது ஊரறிந்த செய்தி. ஆட்டம் 8-0, ட்ரோக்பா மூன்று போட்டதும் எல்லாம் சரியாயிற்று. அதே முகத்தை அனெல்கா காட்டியிருந்தால் பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதியிருக்கும்.

வலைக்காவலன்:

இதில் நடுக்கோடு பக்கம். என் கணக்கில் ட்ரோக்பாவைத் தடுப்பதைவிட அனெல்காவைத் தடுப்பது கடினம். ட்ரோக்பா காலை ஓங்கும்போதே தயாராகலாம். பந்து பயங்கரமாக வரும், ஆனால் வரப்போவது தெரியும். அனெல்கா ஓடுகிற ஓட்டத்திலேயே, காலைப் பின்னால் இழுக்காமல் தள்ளிவிடுவார். நாம் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் நேரத்தில் பந்து போய்விட்டிருக்கும்.

ஒன்பதாம் எண்:

எல்லோரும் செல்சியோடு நிறுத்திக்கொள்கிறீர்களே, அதற்குப் பிறகு?

2010 உலகக் கோப்பை, அது கிளப் கதை இல்லை, அதனால் நீட்டவில்லை. பிரான்ஸ் அணியின் பயிற்சியாளரை ஏசினார், வீட்டுக்கு அனுப்பப்பட்டார், அவ்வளவு. 2011 டிசம்பரில் இடமாற்றம் கேட்டு மனுக் கொடுத்ததும் செல்சி மேலாளர் வில்லாஸ் போவாஸ் முதல் அணியோடு பயிற்சி செய்யக்கூட விடவில்லை. ஷாங்காயில் ஒரு பருவம், லீக்கில் மூன்று கோல். அங்கே பயிற்சியாளர் ஜான் டிகானா பதவி இழந்ததும் சில வாரம் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. யுவென்டஸில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். இத்தாலியப் பட்டம் கையில் வந்தது, வேலை செய்யாமலே கூலி.

2013 டிசம்பர் 28. வெஸ்ட் ஹாமுக்கு எதிராக வெஸ்ட் பிராமுக்காக இரண்டு கோல். முதல் கோலைக் கொண்டாட அவர் காட்டிய சைகை யூத வெறுப்பைக் குறிப்பது என்று பிரான்சில் பெரிய சர்ச்சைக்கு உள்ளான ஒன்று. ஐந்து ஆட்டத் தடை, 80,000 பவுண்டு அபராதம். அந்தச் சைகையைப் பிரபலமாக்கிய நகைச்சுவைக்காரர் தன் நண்பர், ஆட்சிக்கு எதிரானது அது, யூதர்களுக்கு எதிரானது இல்லை என்றார் அனெல்கா. மார்ச்சில் தானே விலகுவதாக அறிவித்தார், கிளப் வெளியேற்றியதாகச் சொன்னது. பிறகு பிரேசிலின் அட்லெடிகோ மினெய்ரோ கிளப்பின் தலைவர் இவர் வருகிறார் என்று அறிவித்தே விட்டார். இவர் போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் எந்த விலைச்சீட்டு செய்தது நடுக்கோடு?

நடுக்கோடு:

அந்தச் சைகைக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. தண்டனை சரி, விளக்கம் சப்பைக்கட்டு. ஆனால் 34 வயதில் நடந்த அதை வைத்து 20 வயதுப் பையனின் மாட்ரிட்டையும் 23 வயதில் லிவர்பூல் அவரை வேண்டாம் என்றதையும் விளக்க முடியாது. பின்னாலிருந்து முன்னால் படித்தால் எந்த வாழ்க்கையும் கெட்டதாகத்தான் தெரியும்.

வலைக்காவலன்:

மும்பையை யாரும் தொடவில்லையே. நம் நாட்டில் ஆடியவரை நாமே மறந்தால் எப்படி?

2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) முதல் பருவத்துக்கு மும்பை சிட்டிக்கு வந்தார். மிச்சமிருந்த இங்கிலாந்துத் தடையால் முதல் மூன்று ஆட்டங்கள் வெளியே. மொத்தம் இரண்டு கோல். அதே பருவத்தில் எங்கள் சென்னையின் எலானோ 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார், அவரும் ஒரு காலத்தில் சிட்டியில் ஆடியவர்தான். அடுத்த ஆண்டு அனெல்கா மும்பைக்கு ஆட்டக்காரரும் மேலாளருமானார். நவம்பரில் கோவாவிடம் 7-0 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு கோப்பை யாருக்கு? மார்கோ மடெராட்ஸி மேலாளராக இருந்த சென்னையின் எஃப்.சி.க்கு, இறுதியில் அதே கோவாவை 3-2 என்று அதன் ஊரிலேயே வீழ்த்தி.

மடெராட்ஸியும் சாது இல்லை. ஆனால் பக்கக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவார், வீரர்களைக் கட்டிப்பிடிப்பார், நடுவரோடு மல்லுக்கட்டுவார். மும்பை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அனெல்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் என் கண்ணில் பட்டது. வீரராக அது அவருக்கு அழகாக இருந்தது. மேலாளருக்கு எடுபடவில்லை.

பரிஸ் வடக்கு:

கையைக் கட்டி நிற்பதிலிருந்து மனத்தை அளக்கத் தொடங்கினால் ட்ராப்பிலிருந்து வந்த ஒருவரும் தேறமாட்டார்கள்.

துருக்கியையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். 2005இல் ஃபெனர்பாசேவோடு லீக் பட்டம். அடுத்த ஆண்டு கடைசி நாளில் டெனிஸ்லியில் வென்றிருந்தால் இன்னொன்று, 1-1 ஆகி கலாத்தாசராய்க்குப் போனது. இங்கிலாந்தில் இரண்டு கழகங்களோடு, துருக்கி, இத்தாலி என்று மூன்று நாடுகளில் பட்டம். சும்மா சுற்றித் திரிந்தவருக்கு இது வாய்க்காது.

ஒன்பதாம் எண்:

இறுதியாக ஒன்று கேட்கிறேன். 2012 ஜனவரியில் பொறுமையில்லாமல் ஷாங்காய் போனார். அவர் போனபின் மார்ச்சில் வில்லாஸ் போவாஸே பதவி இழந்தார். மே 19ஆம் தேதி மியூனிக்கில் செல்சி சாம்பியன்ஸ் லீக் வென்றது. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் மாஸ்கோ கணக்கும் தீர்ந்திருக்கும். எந்த ஊரிலும் இந்த மனிதர் ஐந்து மாதம் அதிகமாகப் பொறுக்கவில்லை. என் வாதம் முழுவதும் அந்த ஐந்து மாதத்தில் இருக்கிறது.

நடுக்கோடு:

மியூனிக்கில் கடைசி பெனால்ட்டியை அடித்து வென்ற ட்ரோக்பா அடுத்த மாதமே எந்தக் கிளப்பில் ஒப்பந்தமிட்டார் தெரியுமா? ஷாங்காய் ஷென்ஹுவாவில். அவரை யாரும் பொறுமையில்லாதவர் என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் எண்:

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். உங்கள் ஆள் வாங்காமல் போனார்.

கணக்குப்பிள்ளை:

சாம்பியன்ஸ் லீக் பதக்கம் ட்ரோக்பாவிடம் ஒன்று, 2012இல் வாங்கியது. அனெல்காவிடமும் ஒன்று, 2000இல் வாங்கியது. ஹென்றியிடமும் ஒன்றுதான், அதற்கு அவர் ஆர்சனலை விட்டு பார்சிலோனா போக வேண்டியிருந்தது.